சிறுமியும் அவளே, பெண்ணும் அவளே
ஆள்கடத்தலும் பாலியல் தொழில் பற்றிய விவாதமும்

குடும்பத்தில் எல்லோரும் எடுத்துப் படிக்கும் இதழில் இப்படி ஒரு பொருள் வேண்டுமா என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் சொன்னாலே போதும். தெற்கிலிருந்து நம்மை மும்பைக்குக் கொண்டுவந்த அதே ரயில்களில்தான் அந்தப் பெண்களும் வந்தார்கள். "அங்கே வேலை இருக்கிறது, தெரிந்தவர் இருக்கிறார்" என்ற அதே பேச்சை நம்பித்தான் வந்தார்கள். நாம் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் போனோம். அவர்களில் சிலர் காமாத்திபுராவுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். நமக்குச் சொன்ன சொல் பலித்தது. அவர்களுக்குச் சொன்ன சொல் பொய்த்தது.

இதைப் பற்றிப் பேசுவோர் இன்று இரண்டு அணிகளாக நிற்கிறார்கள். "உடலை விற்பது தொழிலே அல்ல, அது சுரண்டல், அடியோடு ஒழிக்க வேண்டும்" என்கிறது ஓர் அணி. "அதுவும் பிழைப்புதான்; அதில் இருக்கும் பெண்ணைக் குற்றவாளி ஆக்காதீர்கள்" என்கிறது மற்றோர் அணி. சட்டம் என்ன சொல்கிறது, இதுவரை நடந்த மீட்புகள் எதைக் கற்றுத்தந்தன, இரு அணியினரின் வாதங்கள் என்ன, நாம் செய்யக்கூடியது என்ன என்பதை இங்கே பார்ப்போம்.

சட்டம் சொல்வது

விபசாரமே குற்றம் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

மனிதரை வணிகம் செய்வதை நம் அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்கிறது. அதை ஒட்டியும், 1950-ல் நியூயார்க்கில் இந்தியா கையெழுத்திட்ட உலக உடன்படிக்கையை ஒட்டியும் 1956-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1986-ல் திருத்தப்பட்டு இப்போதைய பெயரைப் பெற்ற அதனை நாம் பேச்சு வழக்கில் விபசாரத் தடுப்புச் சட்டம் என்கிறோம். விடுதி நடத்துவது, அதற்கு இடம் கொடுப்பது, பெண்ணைப் பிடித்துக் கொடுப்பது, அவளை அடைத்து வைப்பது, அவள் வருமானத்தில் பிறர் பிழைப்பது, தெருவில் நின்று அழைப்பது, கோயில், பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் நடத்துவது ஆகியவை இச்சட்டப்படி குற்றங்கள். 18 வயது நிறைந்த ஒரு பெண் தன் விருப்பப்படி, தனியாக, மறைவான ஓரிடத்தில் இதைச் செய்தால் அதைக் குற்றம் என்று கூறும் பிரிவு எதுவும் இதில் இல்லை.

இப்படிச் சொன்னதும் சட்டம் பெண்ணுக்குப் பரிவு காட்டுவதுபோலத் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் சிக்கல் தெரியும். இரண்டு பெண்கள் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்துப் பிழைத்தாலும் அந்த அறை சட்டத்தின் கண்ணில் விடுதியாகிவிடும். அவள் வருமானத்தில் சாப்பிடும் வயதான தாயும், 18 வயது கடந்த மகனும் 4-ஆம் பிரிவின் கீழ்க் குற்றவாளிகளாகக் கூடும். தெருவில் நின்று அழைத்த குற்றத்துக்கு முதல் முறை சிக்கும் பெண்ணுக்கு ஆறு மாதம் வரை சிறை. அதே குற்றத்தைச் செய்யும் ஆணுக்கு ஏழு நாள் முதல் மூன்று மாதம் வரைதான். ஆக, தொழில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டு, அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் குற்றமாக்கியிருக்கிறது இச்சட்டம். அந்தப் பெண் தினமும் காவலரின் தயவில் இருக்க வேண்டியிருப்பதும், மாமூல் கொடுக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

ஆள்கடத்தல் வேறு. 2013-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவு திருத்தி எழுதப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 143-ஆம் பிரிவாக இருக்கிறது. மிரட்டியோ, பலவந்தமாகவோ, ஏமாற்றியோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ, பணம் கொடுத்து ஆசை காட்டியோ ஒருவரைச் சுரண்டலுக்காகச் சேர்ப்பதும், கொண்டு செல்வதும், தங்க வைப்பதும், கைமாற்றுவதும், பெற்றுக்கொள்வதும் கடத்தல் ஆகும். தண்டனை ஏழு ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை கடுங்காவல். கடத்தப்பட்டது 18 வயது நிறையாத குழந்தையானால் பத்து ஆண்டுக்குக் குறையாது; ஆயுள் வரையும் போகலாம். "அவளே சம்மதித்துத்தான் வந்தாள்" என்ற வாதம் இங்கே எடுபடாது. ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தைச் சட்டம் சம்மதமாகக் கொள்வதில்லை.

கடன் என்னும் சங்கிலி

முன்பின் தெரியாத முரடன் வாயைப் பொத்தித் தூக்கிச் செல்வது சினிமாவில்தான் அதிகம். உண்மையில் அழைத்து வருகிறவர் பெரும்பாலும் தெரிந்த முகம்: ஊர்க்காரர், தூரத்து உறவு, பக்கத்து வீட்டு அக்கா, காதலன், ஏன், தாலி கட்டிய கணவனாகவும் இருப்பதுண்டு. வீட்டு வேலை, துணிக்கடை, அழகு நிலையம், சினிமா வாய்ப்பு, திருமணம் என்று ஏதாவது ஒன்று காரணமாகச் சொல்லப்படும். மழை பொய்த்த ஆண்டு, தந்தை இறந்த வீடு, வரதட்சிணைக்கு வழியில்லாத குடும்பம், கணவன் கைவிட்ட பெண் என்று பார்த்துத்தான் தலால் வந்து கதவைத் தட்டுகிறான்.

விடுதியை நடத்துபவளை மும்பையில் கர்வாலி என்பார்கள். தலாலுக்கு அவள் கொடுத்த பணம் அந்தப் பெண்ணின் தலையில் கடனாக ஏறுகிறது. சாப்பாடு, துணி, மருந்து, காவலருக்குக் கொடுத்த மாமூல் எல்லாம் அதே கணக்கில் சேரும். கணக்கு எழுதுவது கர்வாலி. வட்டி வைப்பதும் அவளே. கடன் தீரும்வரை பெண்ணின் கைக்குக் காசு வராது. இந்தக் காலத்தில் அவள் அடிமை. வேறு சொல் கிடையாது.

கடன் என்றாவது ஒரு நாள் தீருகிறது. அப்போது கதவு திறந்திருக்கும், ஆனால் அவள் போவதில்லை. போக இடமில்லை என்பதே காரணம். ஊரில் தங்கைக்குக் கல்யாணமாக வேண்டும். "பம்பாய்க்குப் போனவள்" திரும்பி வந்தால் அது நடக்காது. கையில் ஒரு குழந்தை இருக்கும். படிப்பு இல்லை, வேறு தொழில் தெரியாது. அவள் அனுப்பும் மணியார்டரில்தான் ஊரில் அடுப்பு எரியும். அங்கேயே தங்கி, வருமானத்தில் பாதியைக் கொடுத்து மீதியை வைத்துக்கொள்கிறாள்.

இரண்டு அணிகளும் வாதிடுவது பல வேளைகளில் இந்த ஒரே பெண்ணைப் பற்றித்தான். முதல் அணி அவளைப் பதினைந்து வயதில் பார்க்கிறது. இரண்டாம் அணி முப்பத்தைந்தில் பார்க்கிறது. பதினைந்தில் அவளுக்குத் தேவை, கதவை உடைத்து உள்ளே வரும் ஒரு காவலர். முப்பத்தைந்தில் அவள் கதவை யாரும் உடைக்காமல் இருப்பதுதான் தேவை. இரண்டையும் குழப்பிக்கொண்டதால் விளைந்த துன்பத்துக்கு நம் கண்முன்னே சான்றுகள் உண்டு.

மீட்புகள் கற்றுத்தந்த பாடம்

1990-ல் அப்போதைய பம்பாயின் விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்கள் மீட்கப்பட்டு, ரயிலில் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ரயிலுக்கு "முக்தி எக்ஸ்பிரஸ்" என்று பெயரிட்டார்கள். நோக்கம் நல்லதே. இறங்கிய இடத்தில் என்ன காத்திருந்தது என்பதுதான் கேள்வி.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1986-ல், இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டிருந்தது. டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தைச் சோதித்தபோது அது தெரியவந்தது. அதன் பிறகு இப்பெண்களைப் பற்றிய அச்சம் பெருகியது. தொற்று இருந்தது என்பதற்காகவே, தண்டனைக் காலம் முடிந்த பெண்களையும் வெளியே விடாமல் சென்னைக் காப்பகத்தில் அடைத்து வைத்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் இதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்ற பிறகே, 1990-ல், அவர்கள் வெளியே வந்தார்கள். நோயாளிக்கு மருத்துவம் தேவை; பூட்டு தேவையில்லை என்பதைக்கூட நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

1996 பிப்ரவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி மும்பை விடுதிகளில் பெரிய சோதனை நடந்தது. நானூறுக்கும் மேற்பட்ட சிறுமிகளும் இளம் பெண்களும் மீட்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் நேபாளத்தைச் சேர்ந்தவர்கள். சிறு வயதில் விற்கப்பட்ட பலர் அன்று விடுதலை பெற்றார்கள். இந்தச் சோதனை நடந்திராவிட்டால் அவர்களில் பலர் அங்கேயே மடிந்திருப்பார்கள். ஆனால் அத்தனை பேரை ஒரே நேரத்தில் ஏற்கக் காப்பகங்கள் தயாராக இல்லை. நோய் அச்சத்தால் அவர்களைத் திரும்ப ஏற்க நேபாள அரசும் தயங்கியது. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு, அந்நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் முன்வந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை அழைத்துச் சென்றன.

பாடம் இதுதான். கதவை உடைக்க ஒரு மணி நேரம் போதும். அதற்குப் பிறகு வரும் பத்து ஆண்டுகளுக்கு ஒருவரும் திட்டம் போடுவதில்லை. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இதை அன்றே உணர்ந்திருந்தார். 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே, அந்த முறையிலிருந்து விலகி வந்த சிறுமிகளுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கிவிட்டார். சட்டத்துக்கு முன்னால் கூரையைத் தயார் செய்தார்.

இரு அணியினரின் வாதங்கள்

ஒழிக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பசி தள்ளிய இடத்தில் "விருப்பம்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அவர்கள் கேட்கிறார்கள். வாங்குவோர் இருக்கும்வரை பிடித்துக் கொடுப்போரும் இருப்பார்கள். தொழிலுக்கு அனுமதி கொடுத்தால் தலாலுக்கும் கர்வாலிக்கும் உரிமப் பத்திரம் கொடுத்ததாகும் என்கிறார்கள். சுவீடன் 1999-ல் ஒரு வழியைக் காட்டியது: விற்கும் பெண் குற்றவாளி அல்லள், வாங்குபவரே குற்றவாளி. நார்வே, பிரான்சு போன்ற நாடுகள் பின்னர் அவ்வழியில் சென்றன. நம் சட்டமோ, பொது இடங்களை ஒட்டி நடந்தால் அன்றி வாடிக்கையாளரை நேராகப் பெயர் சொல்லித் தண்டிப்பதில்லை. அவர் குற்றவாளியா என்பதில் உயர் நீதிமன்றங்களே பலவாறாகக் கூறியுள்ளன.

உரிமை கேட்பவர்களின் வாதத்துக்கும் வலு உண்டு. தொழில் மறைவாகத் தள்ளப்படும்போது பெண் காவல் நிலையத்துக்குப் போக முடிவதில்லை. அடித்தவன் மீதும் பலாத்காரம் செய்தவன் மீதும் புகார் கொடுக்க முடிவதில்லை. மருத்துவரிடம் உண்மை சொல்ல முடிவதில்லை. கல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992-ல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா நோய்த் தடுப்புப் பணியைத் தொடங்கியபோது, அப்பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கினார். அதிலிருந்து 1995-ல் துர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற அவர்களின் சங்கம் பிறந்தது. கந்துவட்டிக்காரனிடமிருந்து விடுபட, உஷா என்ற கூட்டுறவுச் சங்கத்தையும் தொடங்கினார்கள். அங்கே புதிதாக வரும் பெண்ணின் வயதையும் விருப்பத்தையும் விசாரிக்கத் தாங்களே குழுக்களை அமைத்தார்கள். சிறுமி எந்த அறையில் இருக்கிறாள் என்பது காவலரைவிட அங்கேயே வாழும் பெண்ணுக்கு முன்னதாகத் தெரியும் என்பது அவர்கள் வாதம். தொழிலில் இருப்பவர்களே தொழிலைக் கண்காணிப்பது எப்படிச் சரியாகும் என்று மறு அணி கேட்கிறது. நியாயமான கேள்விதான்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். அரசு உரிமம் கொடுத்து விடுதிகளை ஒழுங்குபடுத்துவது ஒன்று. பெண்ணைத் தண்டிக்கும் பிரிவுகளை நீக்கிவிட்டுப் பொதுவான தொழிலாளர் சட்டங்களுக்குள் கொண்டுவருவது மற்றொன்று. ஜெர்மனி 2002 முதல் ஏறத்தாழ முதல் வழியிலும், நியூசிலாந்து 2003 முதல் இரண்டாம் வழியிலும் செல்கின்றன. நம் நாட்டில் உரிமை கேட்கும் சங்கங்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டாவதையே. இவ்வேறுபாடு தெரியாமல் "சட்டப்படி அனுமதிக்கலாமா?" என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை.

நீதிமன்றங்கள் சொன்னவை

1999-ல் கல்கத்தாவில் பாலியல் தொழிலில் இருந்த ஒரு பெண் கொலை செய்யப்பட்டாள். குற்றவாளியின் மேல்முறையீட்டை 2011-ல் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம் அத்தோடு நிற்கவில்லை. இப்பெண்களுக்கும் மானத்தோடு வாழும் உரிமை உண்டு என்று கூறி, அவர்களுக்கு என்ன செய்யலாம் என்று ஆராய ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் பரிந்துரைகளில் பலவற்றை நடைமுறைப்படுத்துமாறு 2022 மே 19 அன்று உத்தரவிட்டது. பலாத்காரத்துக்கு ஆளான பாலியல் தொழிலாளிக்கு மற்றப் பெண்களுக்குரிய எல்லா உதவியும் தரவேண்டும். காப்பகங்களில் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருக்கும் வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க வேண்டும். ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது. சோதனையின்போது பத்திரிகைகள் அவர்களின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்பவை அவற்றுள் சில. ஆதார் அட்டை பெறவும் வழி செய்யப்பட்டது. விருப்பத்தோடு தொழில் செய்யும் பெண்ணைச் சோதனையில் கைது செய்யக்கூடாது என்ற பரிந்துரை உள்ளிட்ட சிலவற்றில் மத்திய அரசு தயக்கம் தெரிவித்ததால், உடனே கடைப்பிடிக்க வேண்டியவற்றின் பட்டியலில் அவை சேரவில்லை. "உச்ச நீதிமன்றம் விபசாரத்தை அனுமதித்துவிட்டது" என்று அப்போது பரவிய பேச்சு சரியல்ல என்பது இதனால் விளங்கும்.

நம் மும்பையில் 2020 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், சோதனையில் பிடிபட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்ட மூன்று பெண்களை விடுவித்தது. விபசாரம் என்பதையே தனிக் குற்றமாக்கும் பிரிவு சட்டத்தில் இல்லை; வயது வந்த பெண்ணை அவள் சம்மதம் இல்லாமல் அடைத்து வைக்க இயலாது என்றது. மீட்பு என்ற பெயரில் ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டு வரை காப்பகத்தில் வைக்க 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. குற்றவாளிக்கு உள்ளது போன்ற தண்டனைக் காலத்தை, காப்பாற்றப்பட்டவளும் கழிக்க வேண்டியிருந்த நிலை இது.

இரு அணியினரும் ஒத்துப்போகும் இடங்கள் உண்டு. பதினெட்டுக்குக் கீழ் விருப்பம் என்ற பேச்சே இல்லை. கட்டாயப்படுத்தப்பட்டவள் எந்த வயதினளாயினும் மீட்கப்பட வேண்டும். மீட்கப்பட்டவளைக் குற்றவாளிபோல நடத்தக்கூடாது. அவள் பிள்ளைகள் படிக்க வேண்டும். காமாத்திபுராவில் 1980-களின் பிற்பகுதியில் பிரேரணா அமைப்பு தொடங்கிய இரவுக் குழந்தைகள் காப்பகம் அதற்கு வழிகாட்டியது. எல்லாவற்றுக்கும் முன்னால், முடிவெடுப்பவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

நம்மால் ஆவது

காமாத்திபுரா இன்று சுருங்கிவிட்டது. தொழில் அடுக்குமாடி வீடுகளுக்கும் லாட்ஜுகளுக்கும் கைப்பேசிக்கும் இடம் மாறிவிட்டது. தலால் இப்போது ரயில் நிலையத்தில் நிற்க வேண்டியதில்லை. கைப்பேசியிலேயே நட்பாகப் பேசுகிறான். ஆகவே நம் கண்ணும் மாற வேண்டும்.

ஊரிலிருந்து ஒரு பெண்ணை வேலைக்கு அனுப்புவதாக உறவினர் சொன்னால், முதலாளியின் பெயர், முகவரி, தொலைபேசி எண், சம்பளம் ஆகியவற்றை எழுதி வாங்கச் சொல்லுங்கள். இங்கே இருக்கும் நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. ஆதார் அட்டையைப் பிறர் வாங்கி வைத்துக்கொண்டாலோ, முன்பணம் கொடுத்துக் கணக்குத் தர மறுத்தாலோ, வீட்டாரோடு தனியாகப் பேச விடாவிட்டாலோ ஐயப்பட வேண்டும். நம் கட்டடத்தில் வேலை செய்யும் சிறுமி வெளியே வருவதே இல்லை என்றால் அதையும் கவனிக்க வேண்டும். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, காவல் துறைக்கு 112, இலவசச் சட்ட உதவிக்கு 15100 ஆகிய எண்களில் அழைக்கலாம். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு பெற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் விண்ணப்பிக்கலாம். மீட்கப்பட்ட பெண்ணுக்குத் தமிழ் மட்டும் தெரிந்து, காவல் நிலையத்தில் மராத்தியும் இந்தியும் மட்டுமே பேசப்படும்போது, மொழி பெயர்க்க ஒருவர் கிடைப்பது அவள் வாக்குமூலத்தையே மாற்றிவிடும். தமிழ்ச் சங்கங்கள் இந்த உதவியை எளிதாகச் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. திரும்பி வரும் பெண்ணுக்குக் கதவைத் திறப்பது காவலராலும் நீதிமன்றத்தாலும் ஆகக்கூடியது அன்று. அது நம் கையில் இருக்கிறது. அவள் எங்கே இருந்தாள் என்று ஊருக்கு எழுதாமல் இருப்பது, அவள் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுப்பது, மெஸ்ஸிலோ தையற்கடையிலோ ஒரு வேலை சொல்லி விடுவது ஆகிய மூன்றும் நம்மால் முடியும். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான், "நானாகத்தான் இருக்கிறேன்" என்று அவள் சொல்லும் சொல்லுக்கும் முழுப் பொருள் வரும்.